வலை விளக்குக்கு ஒரு தாள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதை விட என் வாயாலேயே வந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். சாதாரண மை பிரிண்டரில் அச்சடித்த தாளைச் செப்புப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, ஒரு பின்னேரம் முழுவதும் ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தவன் நான். மை செப்பில் ஒட்டவில்லை. ஒட்டவே ஒட்டாது. தாள் கருகியது, மேசை விரிப்பு கருகியது. இரண்டையும் பார்த்த மனைவியின் முகம் என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் அறியாமை. பிழை எங்கள் ஸ்திரிக்கைப் பெட்டியில்தான் என்று தீர்மானித்து, பக்கத்து வீட்டில் போய் அவர்களுடைய பெட்டியை இரவல் வாங்கி வந்து திரும்பவும் தேய்த்தேனே, அதற்குத்தான் வேறு பெயர் வைக்க வேண்டும்.

வீட்டிலேயே சர்க்கிட் போர்ட் செய்வது கேட்பதற்குப் பெரிய விஷயமாக இருக்கும். செய்முறை தோசை சுடுவதை விடக் கொஞ்சம்தான் கஷ்டம். மின்சாரம் ஓட வேண்டிய பாதைகளைக் கணினியில் வரைந்து, பளபளப்பான தாளில் லேசர் பிரிண்டரால் அச்சடிக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி அடிக்க வேண்டும். கவிழ்த்து ஒட்டும்போது அது நேராகிவிடும். லேசர் பிரிண்டரில் இருப்பது மை அல்ல. டோனர் என்ற கறுப்புத் தூள், கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மா. சூட்டில் உருகித் தாளில் ஒட்டிய அந்தத் தூளைத் திரும்பவும் சூடாக்கி அழுத்தினால் அது செப்புக்கு இடம் மாறும். பிறகு தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, பலகையைச் செப்பைத் தின்னும் பழுப்புத் திராவகத்தில் போட்டால், டோனர் மூடாத செப்பெல்லாம் கரைந்துபோகும். மூடிய கோடுகள் மட்டும் மிஞ்சும். அவைதான் வயர்கள்.

இவ்வளவும் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் கந்தோரில் கோப்பு நகர்த்துகிறவன். பாப்பாமோட்டைப் பக்கத்து வயல்காரர் வீட்டில் பிறந்து, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரைத் தவிர வேறு பெரிய தண்ணீரைக் கண்டிராமல் வளர்ந்து, பாலம் கடந்து தீவில் கல்யாணம் கட்டியவன். மாமனார் வீடு முழுக்கக் கடல்தொழில். பெண் பார்க்கப் போன அன்று மாமா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பிக்குக் கடல் ஓடுமோ?" நான் "பார்த்திருக்கிறன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த காலம் முழுவதும், வீட்டுக்கு யார் வந்தாலும், "இவர் கடல் பார்த்த மருமகன்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். ஒருமுறை போட்டில் ஏற்றிக்கொண்டும் போனார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நான் வாந்தி எடுத்து முடித்துவிட்டேன்.

மாமா போன பிறகு போட்டும் என்ஜினும் என் மனைவியின் தம்பியிடம் வந்தன. மச்சான் பின்னேரம் போய் வலையைக் கடலில் விட்டு, விடிய இழுப்பவன். வலையின் இரண்டு தலைப்பிலும் மிதவை, மிதவையில் ஒரு தடி, தடியில் மின்னி மின்னி எரியும் ஒரு சின்ன விளக்கு. அந்த விளக்குத்தான் மற்றப் போட்காரர்களுக்கு இங்கே வலை கிடக்கிறது என்று சொல்வது. கடையில் விற்கும் விளக்குகள் உப்புத் தண்ணீரில் கொஞ்சக் காலம்தான் உயிர் வைத்திருக்கும். அப்படி ஒன்று ஒருநாள் இடையில் செத்துப்போக, ஏதோ ஒரு பெரிய போட் வலைக்கு மேலால் ஏறிப் போய்விட்டது. மச்சான் மிச்சத்தை இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் அதை விரித்துப் பார்த்தபோது வலை என்று சொல்வதற்கு அதில் அதிகம் இருக்கவில்லை.

கிடைத்த துண்டுகளோடு புதுவலை சேர்த்துக் கட்டி முடித்த அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"இதுவும் போனா, அக்கா, நான் வேற ஆரின்ரையும் போட்டில கூலிக்கு ஏற வேண்டியதுதான்."

என் மனைவி கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பாவின் போட்டைக் கரையில் கவிழ்த்துவிட்டு மகன் ஊரான் போட்டில் வலை இழுப்பது அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒன்று. அதைத் தாங்க முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன்.

"லைட் நான் செய்து தாறன் மச்சான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் அக்காவைப் பார்த்தான்.

"அத்தான், எரியிற லைட்டோ?"

முதலில் செய்து கொடுத்தவற்றை வயரோடு வயரை நேரடியாக ஈயத்தால் பற்றவைத்துத்தான் செய்தேன். மேசையில் வைத்தால் அழகாக மின்னின. பரீட்சைக்காக மச்சான் போட்டில் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, விளக்கை அடைத்திருந்த போத்தலை என் கையில் தந்தான். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தது. உள்ளே எல்லாம் கழன்று கிடந்தது. சர்க்கிட் போர்ட் இல்லாமல் கடலுக்குச் சரிவராது என்று அன்றுதான் விளங்கியது.

மை பிரிண்டர் கதை உங்களுக்குத் தெரியும். அடுத்து லேசர் தேடி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி அடிக்கும் கொமினிகேசன் கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் உரித்த பிறகு மிஞ்சும் வழுவழுப்புத் தாளில் டோனர் நன்றாக விட்டுவரும் என்று எங்கோ பார்த்திருந்தேன். அது உண்மைதான். அவ்வளவு நன்றாக விட்டுவரும் என்றபடியால் பிரிண்டருக்குள்ளேயே விட்டுவிட்டது. தாள் உள்ளே போய் மடிந்து, உருளையில் சுற்றி, கடைக்காரப் பொடியன் மெசினைத் திறந்து குனிந்து அரைமணித்தியாலம் நின்றான். அதன் பிறகு அந்தக் கடையில் நான் உள்ளே வந்தாலே "அண்ணை, கையில என்ன தாள்?" என்றுதான் கேட்பார்கள்.

கந்தோர் பிரிண்டரிலும் ஒன்று அடித்துப் பார்த்தேன். டோனர் மிச்சம்பிடிக்க அதை மங்கலாக அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். கோடுகள் எல்லாம் வெயிலில் வெளிறிய சேலைக்கரை போல வந்தன. அதை எடுக்கப் போவதற்கிடையில் எங்கள் பெரியவர் அதைத் தட்டிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எந்த வாய்க்காலின்ர வரைபடம்?"

"கட்டுக்கரையில இருந்து வாறது, சேர்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அதைக் கோப்பில் போடச் சொன்னார். இன்னமும் அங்கேதான் கிடக்கும்.

மூன்றாவதாக ஒரு கடையில் புத்தம்புது மெசின். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. சஞ்சிகைத் தாளில் அடித்துக்கொண்டு வந்து தேய்த்தேன். பாதிக் கோடு செப்புக்கு வந்தது, பாதி தாளோடேயே இருந்துவிட்டது. இன்னும் சூடாக்கினேன். தாள் பழுத்தது, டோனர் அசையவில்லை. எல்லா டோனரும் ஒரே சூட்டில் உருகாது என்று பிறகு அறிந்தேன். ஸ்திரிக்கைப் பெட்டியின் சூடு சிலதுக்குப் போதும், சிலதுக்குக் காணாது.

தாளிலும் இதே தலையிடிதான். கலண்டர் தாள் நல்ல பளபளப்பு, ஆனால் தடிப்பு. அதோடு எங்கள் வீட்டுக் கலண்டரில் மாதா படம். கிழித்து எடுக்கக் கையை வைத்தபோது பின்னால் மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ. மாதாவில அயன் பண்ணப் போறீங்களோ?"

கையை எடுத்துவிட்டேன்.

தேவையானது மெல்லிய, ஆனால் கிழியாத, பளபளப்பான தாள். அப்படி ஒன்று எங்கள் அலுமாரியிலேயே கட்டுக் கட்டாக இருந்தது. மேசைக்கு விரிக்கப் பழந்துணி தேடும்போதுதான் கண்டேன். மாமாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுமலர்கள். முன்பக்கம் மாமாவின் படம், உள்ளே செபம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசியில் நன்றி நவிலல். பங்குச் சனம் முழுவதும் பூசைக்கு வரும் என்று என் மனைவி கணக்குப் போட்டதில் நிறைய மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. குப்பையில் போட முடியாது. எரிக்க மனம் வராது. இந்த ஊரில் தெருவில் ஒரு தாள் கிடந்தால் அடுத்த நிமிஷம் கழுதை வந்துவிடும். "அப்பாவைக் கழுதை திண்டது எண்டு சொல்ல வைப்பியளோ?" என்று அவள் முன்பே ஒருதடவை கேட்டிருக்கிறாள்.

நன்றிப் பக்கத்தின் மறுபுறம் வெறுமையாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அருமையான தாள். நான் அதைத் தடவிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்கு விசரோ?" என்றாள். "அப்பாவைக் கிழிச்சு லைட் செய்யப் போறீங்களோ?"

"அப்பாவை இல்லை. நன்றியை."

அது பகிடியாக வந்த பதில். அவள் சிரிக்கவில்லை. நினைவுமலர்களை அடுக்கி, அலுமாரியைப் பூட்டி, திறப்பைத் தன்னோடு கொண்டுபோனாள். என் வாய்க்கு ஒரு பூட்டுக் கண்டுபிடித்தால் வீட்டில் பாதிப் பிரச்சினை தீரும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். அன்று அதையும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மச்சான் வந்து, காற்று ஓய்ந்துவிட்டது, வாற கிழமை வலை விடப் போகிறேன் என்றான்.

"லைட்?" என்றாள் அவள்.

"டோர்ச் ஒண்டைப் போத்தலுக்க போட்டுக் கட்டுறன். அது விடியும்வரைக்கும் நிக்குமோ தெரியாது. பாப்பம்."

அவன் போன பிறகு அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நன்றிப் பக்கங்களை மட்டும் தையலை ஒட்டி மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"படம் இருக்கிற பக்கத்தில கைவைக்கப்படாது."

"இல்லை."

"செபம் இருக்கிறதிலயும்."

"இல்லை."

அவ்வளவு பெரிய அனுமதியை வாங்கிக்கொண்டு நான் செய்தது என்ன? அந்தப் புத்தம்புது மெசின் கடைக்கே திரும்பப் போய், வெறும் பக்கத்தில் சர்க்கிட்டை அடித்துக்கொண்டு வந்து, நன்றி எழுதிய பக்கம் மேலே இருக்கத் தேய்த்தேன். தாள் மாறினால் டோனர் மாறும் என்று நினைத்தேன் போல. இந்த முறையும் பாதிக் கோடு வரவில்லை. பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, பலகையை இரண்டாம் தரம் பார்க்காமல் போய்ப் படுத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்கு நேரமாகிவிட்டது. அந்தர அவசரத்தில் என் வெள்ளைச் சேட்டை விரித்து, முதுகுப் பக்கம் நன்றாக ஒரு அழுத்து, முன்பக்கம் ஒரு இழுப்பு, போட்டுக்கொண்டு ஓடினேன். எங்கள் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மனைவி முன்னுக்குப் போய்விட்டாள். நான் வழக்கம் போல நடுவில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்தேன். பிரசங்கம் நடக்கும்போது எனக்குப் பின்னால் யாரோ மெல்லிய குரலில் எதையோ எழுத்துக் கூட்டி வாசிப்பது போல இருந்தது. பிறகு செருமல். பிறகு வாங்கு குலுங்குவது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கத்தில் கவனமாக இருப்பவன் என்ற பெயரை அன்றைக்காவது எடுக்கலாம் என்று பார்த்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பின்வாங்கில் இருந்த மச்சான் என் தோளில் கையைப் போட்டு, ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், முதுகில அப்பா நன்றி சொல்லுறார்."

சேட்டைக் கழற்றிப் பார்த்தேன். மங்கல்தான், ஆனால் வாசிக்கலாம். பந்தல் போட்டு உதவியோருக்கும், உணவு தந்து உபசரித்தோருக்கும், எமது மனமார்ந்த நன்றிகள். இங்ஙனம், குடும்பத்தினர். நன்றிப் பக்கத்தின் எழுத்துகள் சூட்டில் தாளை விட்டுப் பெட்டியின் அடியில் இடம் வலம் மாறி ஒட்டி, அங்கிருந்து சேட்டில் நேராக இறங்கியிருந்தன.

மனைவி வந்தாள். பார்த்தாள். வாய்க்குச் சேலைத் தலைப்பை வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் மூளை வேலை செய்தது. நான் அடித்த சர்க்கிட்டில் பாதிதான் இடம் மாறியது. அதே தாளின் மறுபக்கத்தில் இருந்த எழுத்து, நான் கேட்காமலேயே, இரண்டு தரம் இடம் மாறியிருக்கிறது. அப்படியானால் நான் தேடித் திரிந்த டோனர் நினைவுமலர் அடித்த மெசினில்தான் இருக்கிறது.

"மலர் எங்க அடிச்சனீங்கள்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உப்புக்குளத்தில. அந்த அக்காட்ட. ஏன், இன்னும் சேட்டு அடிக்கப் போறீங்களோ?"

அன்று பின்னேரமே போனேன். வீட்டு முன்னறையில் ஒரு பழைய பெரிய மெசின் வைத்து அச்சடிக்கும் பெண். கடையைப் பூட்டப் போனவள் என்னைக் கண்டு நின்றாள். என் சேட்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் உதவி கிடைக்கும் என்பது என் அனுபவம். சிரித்தவர்களுக்கு "இல்லை" என்று சொல்வது கஷ்டம். அவள் சிரித்தாள், பிறகு என் வரைபடத்தைப் பார்த்து, "மீன்முள்ளு மாதிரிக் கிடக்கு" என்றாள். அதே வகைத் தாள் அவளிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெறும் தாளிலேயே அடித்துத் தந்தாள். ஆக, மாமாவின் மலரைத் தொடவே தேவையிருக்கவில்லை.

வீட்டில் தேய்த்தேன். ஊறவைத்தேன். பெருவிரலால் உரசத் தாள் சுருள் சுருளாகக் கழன்று போனது. கோடுகள் ஒன்று விடாமல் செப்பில் நின்றன. அன்றைக்கு யோசித்தேன். புத்தகம் அடிப்பவன் எழுத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாளையும் டோனரையும் தேடுவான். நான் தேடியது அதற்கு நேர்மாறு: கேட்டதும் விட்டுவிடும் சோடி. எங்கள் குடும்பம் மாமாவைப் பற்றி என்றைக்கும் அழியக்கூடாது என்று நினைத்து எழுதியதெல்லாம், ஊரிலேயே மிக லேசாக விட்டுவரும் டோனரில், மிக லேசாக விட்டுவிடும் தாளில் இருக்கிறது. யாரும் ஸ்திரிக்கைப் பெட்டி வைக்காதவரைக்கும் பயமில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

முதல் பலகையை மனைவியிடம் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எந்தத் தாள்?"

"அக்கா தந்த வெறுந்தாள். உங்கட அப்பாவை இனி நான் தொடமாட்டன்."

அவள் உள்ளே போனாள். நன்றிப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ரெண்டு லைட் எல்லோ வேணும். மற்றதை இதில அடியுங்கோ."

திரும்ப உப்புக்குளம். அந்தப் பெண் தாளைத் திருப்பிப் பார்த்துத் தன் அச்சைத் தானே கண்டுபிடித்தாள். அப்படியே மெசினில் வைத்தாள். இந்த முறை எழுத்தின் மேல் ஒரு பழந்துணியை விரித்துவிட்டுத் தேய்த்தேன். தாளை ஊறப்போட்ட சட்டிக்குப் பக்கத்தில் மனைவி குந்தியிருந்தாள். நான் உரச, "மெல்ல" என்றாள். இன்னும் மெல்ல உரசினேன். கழன்ற தாள் மா போல அடியில் சேர்ந்தது. அதை வடித்து எடுத்து, முற்றத்து மாதுளைக்குக் கீழே கையால் கிண்டிப் புதைத்தாள். கோவிலில் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடாமல் புதைப்பது போல. அந்தத் தாளை யாரும் மந்திரித்திருக்கவில்லை. நான் அதைச் சொல்லப்போகவில்லை. என் வாய்க்கும் சில நாட்களில் நல்ல புத்தி வரும்.

இரண்டு பலகையையும் திராவகத்தில் போட்டெடுத்து, பாகங்களைப் பற்றவைத்து, போத்தலில் போட்டு, மூடியைச் சிலிக்கனால் அடைத்தேன். எது எந்தத் தாளில் வந்தது என்று வெளியே பார்த்தால் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்பதற்காக ஒன்றின் மூடியில் சின்னக் கீறல் போட்டேன். மச்சான் இரண்டையும் குலுக்கிப் பார்த்தான். சத்தம் இல்லை. தலையாட்டினான். அவ்வளவுதான் அவன் தந்த சான்றிதழ்.

அவன் வலை விடப் போன அன்று வீட்டில் யாரும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. மனைவி செபமாலை சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிவழியாமல் பதில் சொன்னேன். காற்று கொஞ்சம் எழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தோம்.

விடிந்ததும் நான் கரைக்குப் போனேன். போட் வந்து மணலில் ஏறியிருந்தது. மச்சானும் இன்னும் இரண்டு பேரும் வலையைக் கொட்டி வைத்துக் குந்தியிருந்து மீன் கழற்றினார்கள். விளக்குப் போத்தல்கள் இரண்டும் போட்டுக்குள் கிடந்தன. விடிந்துவிட்டதால் எரியவில்லை, எரிந்திருந்தனவா என்று பார்த்துத் தெரியாது. என்ன கேட்பதென்று பாதை முழுவதும் சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவனுக்கு முன்னால் நின்றதும் அவ்வளவும் போய், வாயில் வந்தது இதுதான்:

"மச்சான், ரெண்டிலயும் எது நல்லா மின்னினது? கீறல் போட்டதோ, மற்றதோ?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"வலை முழுசா வந்தது, அத்தான்."